அறுபத்தொன்றாம் பக்கம்

தன் முட்டாள்தனத்தை யாராவது டைப் அடித்து, பக்க எண் போட்டு, நீல ரெக்சின் அட்டையில் தங்க எழுத்தில் பெயர் பொறித்து, மூன்று பிரதி எடுத்துக் கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுப்பார்களா? நான் கொடுத்தேன். கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். போகிற வழியில் டீக்கடையில் நின்றபோது பெருமை தாங்காமல் கடைக்காரரிடம் அட்டையைக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தடவிப் பார்த்துவிட்டு, "ஆல்பம் நல்லா இருக்குதுண்ணே. பொண்ணு கல்யாணமா?" என்று கேட்டார்.

கல்யாணம்தான். மாப்பிள்ளை நான். தாலிக் கயிற்றுக்குப் பதிலாகத் தூக்குக் கயிற்றை நானே பைண்டிங் செய்து எடுத்துப் போகிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

என் பெயர் மரியசூசை. மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் வெளியே வந்தேன். கடைசி ஆறு வருஷம் லேப் பொறுப்பாளர். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பட்டம் மாட்டியிருந்தது. வேலை அனுபவத்தைக் காட்டி வாங்கிய பட்டம். இப்போது அதே லேபில் இருக்கும் மூன்று பேர் அதே திட்டத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்களாம். போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். "சார், உங்க ஃபைல ரெண்டு நாளைக்குக் குடுங்க. பாத்து எழுதிக்கறோம்" என்றார்கள். ஃபைலைக் கொடுக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக் கொடுக்கிறேன். உப்புத் தண்ணீரின் கனம் பார்க்கும் மீட்டர் காட்டுவதும் டிகிரி, கல்லூரி கொடுப்பதும் டிகிரி என்கிற ஜோக்கை எங்கள் அளத்தில் ஆளுக்கொரு தடவை சொல்லி முடித்துவிட்டதால், அதை மட்டும் நான் சொல்லவில்லை.

எனக்குப் பட்டம் தேவைப்பட்ட கதை சின்னது. அளத்தோடு சேர்த்து அயோடின் கலக்கும் ஆலையும் லேபும் வந்தன. லேபில் நான்தான் எல்லாம். திடீரென்று ஒரு புது மேனேஜர் வந்தார். என் வயதில் பாதி. மரியாதையானவர். "சார், லேப் இன்சார்ஜ்னா டிகிரி இருக்கணும்னு மேல சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷம் டைம் வாங்கி வெச்சிருக்கேன். இல்லன்னா உங்கள பேக்கிங்குக்கு மாத்தற மாதிரி ஆயிடும்" என்றார். பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு பாக்கெட்டின் வாய் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. பேக்கிங் ஆட்களைப் பத்து வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்தவன் நான். அங்கே போனால் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார்கள்.

புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இந்தத் திட்டம் இருந்தது. பாதிப் பட்டத்துக்குச் சனி, ஞாயிறு வகுப்பு, பரீட்சை. மீதிப் பாதியை நீங்கள் பார்த்த வேலையிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வேலை பார்த்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. என்னென்ன செய்யத் தெரியும் என்று எழுத வேண்டும். அதற்குச் சாட்சியாக ரிஜிஸ்டர் பக்கங்களை வைக்க வேண்டும். மேலதிகாரி ஒருவர் சான்று தர வேண்டும். வேலையில் சந்தித்த ஒரு சிக்கலை எழுதி, எப்படித் தீர்த்தோம் என்று விளக்க வேண்டும். அந்தச் சிக்கலை நேரில் பார்த்த சக தொழிலாளி ஒருவர் "உண்மை" என்று கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் மூன்று பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு.

பரீட்சைகள் எப்படியோ ஓடிவிட்டன. ப்ளஸ் டூவில் வேதியியலில் ஒரு தடவை விழுந்து எழுந்தவன் என்பதால் விழுவதற்குப் பயமில்லை. பயம் எல்லாம் அந்த ஃபைலில் இருந்தது.

அளத்தை அறியாதவர்களுக்காக நான்கு வரி. கடல் ஏறிவரும் கழுவெளித் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகக் கட்டி வெயிலில் காயவிட்டால் கனம் ஏறிக்கொண்டே போகும். கனம் இருபத்தைந்து டிகிரி தொட்டால் உப்பு பூக்க ஆரம்பிக்கும். முப்பதை நெருங்குவதற்குள் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கசப்பு உப்பில் இறங்கிவிடும்; அந்த உப்பு எத்தனை வெயிலிலும் காயாமல் நசநசவென்று கிடக்கும். எப்போது திறப்பது என்று சொல்வது என் வேலை. அதற்கு ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அளத்தில் அதற்குப் பெயர் மீட்டர். அதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததால் எனக்கும் அதே பெயர். "மீட்டரு வர்றாரு" என்று தூரத்திலேயே குரல் கொடுத்துவிடுவார்கள்.

மீட்டர் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் சூப்பரிண்டெண்ட் தணிகாசலம் சார். முதலில் ஜாடியை அந்தந்தப் பாத்தித் தண்ணீராலேயே அலச வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு நிரப்ப வேண்டும். மீட்டரை விட்டுவிடாமல் இறக்க வேண்டும். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒட்டியிருக்கிற குமிழி எல்லாம் போய்விடும். ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்து, குந்தி உட்கார்ந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். நின்றபடி குனிந்து படித்தால் அரை டிகிரி தப்பும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் துடைத்து, மரப்பெட்டியில் வைத்து மூட வேண்டும். பதினான்கு பாத்திக்கும் இதே வழிபாடு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

தணிகாசலம் சார் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். இவர் எல்லோருக்கும் 'ங்க' போடுவார். கோபம் வந்தால் இன்னும் இரண்டு 'ங்க' சேர்த்துக்கொள்வார். "என்னங்க மரியசூசைங்க, எட்டாம் பாத்தி காலியா இருக்குதுங்களே" என்று அவர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினால் ஜாடியோடு எட்டாம் பாத்திக்கு ஓடுவேன். மாலை ஐந்து மணிக்கு நின்றபடியே ரிஜிஸ்டரைப் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். சிவப்புப் பேனாவால் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். குறிப்புப் பத்தியில் அன்றைய வெயில், காற்று, மழை எதுவானாலும் அவரே ஒரு சொல் எழுதுவார். "யாரு என்ன சொன்னாலும் நாளைக்கு மாத்திச் சொல்லுவாங்க. ரிஜிஸ்டரு மாத்திச் சொல்லாதுங்க" என்பார். ரிஜிஸ்டரை எழுதுகிறவன் முதல் தடவையே மாற்றிச் சொல்லலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது.

ஃபைலில் 'நான் தீர்த்த சிக்கல்' என்று நான் எழுதியது ஒன்பதாம் பாத்திக் கதை. மகா வீரக் கதை. தொழிலாளியின் கவனக்குறைவால் பக்கத்துப் பாத்தியின் கசப்புத் தண்ணீர் ஒன்பதில் கலந்துவிட்டது. நான் அதைக் கண்டுபிடித்து, மடையைத் திறந்து, பாத்தியைக் கழுவி, பருவத்தைக் காப்பாற்றினேன் என்று ஒரு பக்கம். டைப் அடித்த அம்மா தன் பங்குக்கு 'அரும்பாடுபட்டு' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுத்தார். நான் அதை எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு, ஒன்பது வருஷம் ஆகியிருந்த சமயம், சரியான சித்திரை வெயிலில் ஒரு காலை, மீட்டரைக் கழுவும்போது கைவழுக்கி மடைக்கல்லில் விழுந்தது. இரண்டு துண்டு. தணிகாசலம் சாரிடம் போய்ச் சொல்லியிருந்தால் நான்கைந்து 'ங்க'வோடு முடிந்திருக்கும். நான் துண்டுகளைப் பெட்டியில் வைத்து மூடி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். ஊரில் தெரிந்த ஒருவர் மூலம் புது மீட்டருக்குச் சொல்லி வைத்தேன். வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் மீட்டர் பார்த்தேன். பெட்டியோடு போவேன். குந்தி உட்காருவேன். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பேன், பூத்த உப்பைக் கண்ணால் பார்ப்பேன், ஒரு எண்ணை எழுதுவேன். முதல் நான்கு நாள் பயத்தோடு எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து நானே ஒரு மீட்டர் என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை பெரிய முதலியார்சாவடியில் மச்சினி வீட்டு விசேஷம். போனால் ஞாயிறு தங்கித் திங்கள் மதியம்தான் திரும்ப முடியும். அதனால், சார் கண்ணில் காலிக் கட்டம்தான் படும், நிறைந்த கட்டம் படாது என்ற தைரியத்தில், சனிக்கிழமை காலையிலேயே திங்கள் வரைக்கும் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஒன்பதாம் பாத்தி: சனி இருபத்தேழு, ஞாயிறு இருபத்தேழரை, திங்கள் இருபத்தெட்டு. அழகான ஏறுவரிசை.

ஒன்பதாம் பாத்தியில் வேலை செய்தவர்கள் காத்தவராயனும் அவர் மனைவி அஞ்சலையும். கிளம்புகிற அவசரத்தில் நான் வரப்பில் போய்க்கொண்டிருந்தபோது அஞ்சலை கூப்பிட்டாள்.

"மீட்டரே, தண்ணி கைல வழவழன்னு வருது. எண்ணெய் மாதிரி. தொறந்து வுட்டுடலாமா?"

"இருபத்தேழுதான் இருக்குது. இன்னும் ரெண்டு நாள் போவட்டும்."

"எனக்கென்னமோ ஏறிப்போச்சுன்னு தோணுது," என்றார் காத்தவராயன்.

"டேய் காத்தா, மீட்டருக்குத் தெரியாதது உன் கைக்குத் தெரிஞ்சிடுமா?" என்றேன். கக்கத்தில் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு துண்டுக் கண்ணாடி.

ஞாயிறு சாயங்காலம் கோடை மழை கொட்டியது. திங்கள் மதியம் நான் வந்து பார்த்தால், ஒன்பதாம் பாத்தி உப்பு நாலு நாள் ஊறிய துணி மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் கசப்பு. அம்பாரத்தில் ஏற்றிய உப்பிலும் அதே கசப்பு. எடுக்க வந்த லாரி திரும்பிப் போய்விட்டது.

விசாரணை தணிகாசலம் சார் அறையில். காத்தவராயனும் அஞ்சலையும் வாசற்படியில் நின்றார்கள். சார் ரிஜிஸ்டரைப் பிரித்தார். "இருபத்தெட்டுதானுங்களே இருக்குது. அதுக்குள்ள எப்படிங்க கசக்கும்?" என்று என்னைக் கேட்டார். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது. தயார் செய்யவில்லை, தானாக வந்தது.

"பக்கத்துப் பாத்தித் தண்ணிய வுட்டிருப்பாங்க சார்."

அவ்வளவுதான். ரிஜிஸ்டருக்கு எதிராக அவர்கள் சொன்னது எடுபடவில்லை. அன்றைக்கே அவர்களிடமிருந்து பாத்தி போனது. மிச்சப் பருவம் முழுக்கக் காத்தவராயனுக்கு வேலை கொடுக்க யாரும் முன்வரவில்லை. அஞ்சலைக்கு மட்டும் சுமைவேலை கிடைத்தது. அடுத்தவர் பாத்தி உப்பைக் கூடை கூடையாகத் தலையில் தூக்கி அம்பாரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது. நான் தினமும் புது மீட்டரோடு அவள் எதிரே வந்து, வரப்பில் ஒதுங்கி வழி விடுவேன். அவள் கூடையைப் பிடித்தபடி நேராகப் போய்விடுவாள். அடுத்த வருஷம் இரண்டு பேரும் அளத்தை விட்டு அனுமந்தைக்குப் போய்விட்டார்கள். மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலை.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் நான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சின்னச் சின்னப் பாவமாக எடுத்துக் கொடுத்து இருபது வருஷம் சமாளித்திருக்கிறேன். இது ஒரு தடவையும் பட்டியலில் வந்ததில்லை. வராமல் வராமல், நிஜமாகவே காத்தவராயன்தான் தண்ணீரை விட்டார் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். இல்லாவிட்டால் எந்த முட்டாளாவது அந்தக் கதையை ஃபைலில் எழுதுவானா? எழுதியதோடு விட்டேனா? சாட்சிக்கு அந்த ரிஜிஸ்டர் பக்கத்தையே ஜெராக்ஸ் எடுத்து அறுபத்தொன்றாம் பக்கமாக வைத்தேன்.

சான்றுக்காகக் கிளியனூரில் தணிகாசலம் சார் வீட்டுக்குப் போனேன். எண்பதை நெருங்கிவிட்டார். ஃபைலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். அறுபத்தொன்றில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தப் பக்கத்துல என் கையெழுத்து கொஞ்சம் கோணலா இருக்குதுங்க" என்றார். பிறகு சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வயதானவர், கை நடுங்கும், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சக தொழிலாளி கையெழுத்துக்கு அனுமந்தைக்குப் போனேன். ஆமாம், காத்தவராயனிடமேதான். சிக்கலை நேரில் பார்த்தவர் என்று அவரைத் தவிர உயிரோடு யாருமில்லை; அஞ்சலையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. வீட்டுக்கு முன்னால் ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுதியிருந்ததைப் படித்துக் காட்டுகிறேன் என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் மேலே வைத்துக்கொண்டேன்.

"படிக்கல்லாம் வாணாம். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும், மீட்டரு," என்று ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அஞ்சலை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பைக்கை உதைத்தபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இதைத்தான் முட்டாள்தனம் என்று ஆரம்பத்தில் சொன்னேன்.

ஃபைல் கொடுத்து மூன்று வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாய்மொழித் தேர்வுக்குத் தேதி, நேரம். கீழே பேனாவால் ஒரு வரி: '61ஆம் பக்கத்துக்கு விளக்கம் தயாராக வைத்திருக்கவும்.'

எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிஷம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் குறிப்புப் பத்தியில், ஜெராக்ஸில் கறுப்பாகிப்போன தணிகாசலம் சாரின் சிவப்பு எழுத்து: 'மாலை பலத்த மழை.' அதற்கு அடுத்த வரிசையில் என் எழுத்தில், திங்கள் காலை, இருபத்தெட்டு. மழை பெய்தால் பாத்தியில் கனம் குறையும். எல்லாப் பாத்தியிலும் குறையும். என் ரிஜிஸ்டரில் பதினான்கு பாத்தியும் ஒழுங்காக அரை டிகிரி ஏறியிருந்தன.

அன்றிலிருந்து எட்டு நாள். லேபில் ஒரே சாம்பிளை இரண்டு தடவை பரிசோதித்துவிட்டு மூன்றாவதும் செய்தேன். போன் அடித்தால் கல்லூரியோ என்று எடுக்க மாட்டேன். அடிக்காவிட்டால் கல்லூரி அளத்துக்கே போன் செய்துவிட்டதோ என்று பார்ப்பேன். பட்டம் போகட்டும், பொய் ரிஜிஸ்டர் என்று மேனேஜருக்குத் தெரிந்தால் பேக்கிங்கில்கூட இடமிருக்காது. போதாததற்குப் பக்கத்துக்குப் பக்கம் தணிகாசலம் சார் கையெழுத்து. என்னோடு அவரும் விழுவார்.

ஒரு பொய் தயாரித்தேன். தண்ணீரின் சூடு மாறினால் மீட்டர் காட்டுவதும் கொஞ்சம் மாறும். அதற்குத் திருத்தம் போட்டு எழுதினேன் என்று. ஒத்திகைக்கு என் மனைவி பிலோமினாவிடம் சொல்லிக் காட்டினேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, குழம்புல ஒரு கொடம் தண்ணி ஊத்தினா கெட்டியாவுமா?"

"அதில்ல, டெம்பரேச்சர்னு ஒண்ணு..."

"என்கிட்டச் சொல்லும்போதே மூக்கு வேர்க்குது. அங்க போய் நின்னா ஊத்திக்கினு ஓடும். இன்னொரு துண்டு எடுத்துக்கினு போங்க."

தணிகாசலம் சாருக்குப் போன் செய்தேன். "சார், அந்த அறுபத்தொண்ணாம் பக்கம்..." என்று ஆரம்பித்தேன்.

"வீட்டுக்கு வந்தப்பவே பாத்தேனுங்க. பாக்காம கையெழுத்துப் போட்டது நான். அத நான் பாத்துக்கறேனுங்க. உங்கத நீங்க பாருங்க."

நான்கு 'ங்க'. போனை வைத்துவிட்டார்.

தேர்வு நாளில் கல்லூரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான்கு தடவை கழிவறைக்குப் போய் வந்தேன். அட்டெண்டர் பரிதாபப்பட்டு, "எந்த டிபார்ட்மெண்டுங்க? பொண்ணா, பையனா?" என்று கேட்டார். நான்தான் மாணவன் என்று சொல்ல வெட்கப்பட்டு, "பையன்" என்றேன். "பயப்படாதீங்க, நல்லா பண்ணிடுவான்" என்றார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் வேதியியல் பேராசிரியை. சின்ன உருவம், மெல்லிய குரல். மேசையில் ஒரு ஜாடியில் உப்புத் தண்ணீரும் ஒரு மீட்டரும் வைத்திருந்தார். "முதல்ல இதப் பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். ஜாடியை அதே தண்ணீரால் அலசினேன். மீட்டரை விட்டுவிடாமல் இறக்கினேன். சுற்றிவிட்டு, காத்திருந்து, அந்த அறையின் நடுவே குந்தி உட்கார்ந்து படித்தேன். "பத்தொன்பதரை." அவர் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எழுந்திருக்கும்போது முழங்கால் சத்தம் போட்டது. அப்போதுதான் அறுபத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தார்.

"மழை பெஞ்ச மறுநாள் எல்லாப் பாத்தியிலயும் எப்படிங்க சார் ஏறியிருக்குது?"

"அது வந்து மேடம், டெம்பரேச்சர் கரெக்‌ஷன்."

"சரிங்க சார். அன்னிக்கு டெம்பரேச்சர் எவ்வளவு?"

ரிஜிஸ்டரில் அப்படி ஒரு பத்தியே கிடையாது. மூக்கு வேர்த்தது. இரண்டாவது துண்டை எடுத்துத் துடைத்தேன். அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தியிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

"பாக்கலங்க மேடம்," என்றேன். "மீட்டர் ஒடஞ்சிருந்துச்சு. மூணு நாளுக்குச் சேத்து எழுதி வெச்சிட்டு விசேஷத்துக்குப் போயிட்டேன்."

"அப்போ அடுத்த பக்கத்துல கவனக்குறைவா இருந்தார்னு எழுதியிருக்கீங்களே, அந்தத் தொழிலாளி?"

"அவங்க தண்ணிய வுடலங்க. தொறக்கச் சொன்னாங்க. நான்தான் வாணாம்னேன்."

"காத்தவராயன்னு ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காரே, அவர்தானா அந்தத் தொழிலாளி?"

"ஆமாங்க."

"அவருக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருந்தவனுக்கு அந்த அறையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பேராசிரியை பக்கத்தில் இருந்தவரோடு ஏதோ பேசினார். பிறகு சொன்னார்: "மீட்டர் பாக்க உங்களுக்குத் தெரியுதுங்க சார். அதுக்கு மார்க் போட்டாச்சு. பரீட்சை எல்லாம் பாஸ். இந்தப் பக்கங்களுக்கு மட்டும் மார்க் போட முடியாது. எடுத்துக்கிட்டுப் போங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்க. உங்க சூப்பரிண்டெண்டும் ஒரு வரி எழுதட்டும். அப்புறம் அந்தத் தொழிலாளிக்கு முழுசா வாய்விட்டுப் படிச்சுக் காட்டி, அவர் கேட்டேன்னு கையெழுத்துப் போடணும். பதினஞ்சு நாள் தர்றோம். போடலன்னா இந்த வருஷம் முடிவு கிடையாதுங்க."

அந்த வருஷம் முடிவு இல்லை என்றால் மேனேஜர் கொடுத்த இரண்டு வருஷம் முடிந்துவிடும். பேக்கிங்தான்.

திரும்ப எழுதினேன். இந்தத் தடவை டைப் அடிக்கக் கொடுக்கவில்லை, கையாலேயே எழுதினேன். மீட்டர் உடைந்தது, பெட்டியில் வைத்து மூடியது, மூன்று நாள் சேர்த்து எழுதியது, விசாரணையில் சொன்ன அந்த ஒரு வாக்கியம், அதனால் யாருக்குப் பாத்தி போனது, அப்புறம் யார் என்ன வேலை செய்தார்கள், எல்லாம். முதலில் எட்டுப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்தபோது ஐந்து பக்கம் என் பக்க நியாயம். அதைக் கிழித்துப் போட்டதும் மூன்று பக்கம் ஆனது. தணிகாசலம் சார் அதன் கீழே, 'ரீடிங்கைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்' என்று எழுதித் தேதி போட்டார். அந்த எழுத்தில் நடுக்கமே இல்லை.

பன்னிரண்டு நாள் அனுமந்தைக்குப் போகவில்லை. பைக்கில் பெட்ரோல் இல்லை, லேபில் வேலை, வெயில், பிறகு காற்று. பதின்மூன்றாம் நாள் பிலோமினா செருப்பை எடுத்து என் காலுக்கு முன்னால் வைத்தாள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். காத்தவராயன் வாசலில் உட்கார்ந்து சாக்கில் ஐஸைக் கட்டிக்கொண்டிருந்தார். "என்னா மீட்டரு, பாஸாயிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல காத்தா. உனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும்."

"அன்னிக்கே போட்டுக் குடுத்துட்டேனே?"

"அது வேற. இது வேற. முழுசா கேளு."

நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி தாண்டியதும் உட்கார்ந்தேன். பெட்டியும் துண்டுக் கண்ணாடியும் வந்த இடத்தில் அவர் கை நின்றது. 'மீட்டருக்குத் தெரியாதது உன் கைக்குத் தெரிஞ்சிடுமா' என்று நான் சொன்னதை நானே படித்தபோது அவர் சாக்கின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணையில் சொன்ன வாக்கியத்தைப் படிக்க எனக்கு மூன்று தடவை ஆனது. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது; ஏதோ ஓர் இடத்தில் அது நின்றுபோனது. சுமைவேலையைப் பற்றிய பக்கத்தைப் படித்து முடித்தேன். ஐஸ் கரைந்து என் செருப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன். "கேட்டேன்னு ஒரு கையெழுத்து, காத்தா."

அவர் பேனாவை வாங்கவில்லை.

"சுமந்தவ உள்ள இருக்கா, அவகிட்டப் போய்ப் படி."